விழுங்கவே பயமா இருக்கு, டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொல்றாங்க, இப்ப என்ன பண்றது?

கேள்வி சுருக்கமா இதான். 29 வயசு, வீட்ல சின்னக் குழந்தை. நாலு மாசம் முன்னாடி ஒரு ரிசப்ஷன்ல பிரியாணி சாப்பிடும்போது சிக்கன் பீஸ் சிக்கி, மூச்சே நின்னு போற மாதிரி ஆகி, தண்ணி குடிச்சு வாந்தி எடுத்த பிறகுதான் சரியாச்சு. அன்னைல இருந்து கஞ்சி, மிக்ஸில அடிச்ச சாதம், ஜூஸ்தான். ஏழு கிலோ இறங்கிடுச்சு. ஈஎன்டி பாத்தாச்சு, எண்டோஸ்கோப்பி எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. மாமியார் தொக்கம் எடுக்க (உள்ள சிக்கினத வெளிய எடுத்துடறோம்னு சொல்ற நாட்டு வைத்தியம்) கூட்டிட்டுப் போயிருக்காங்க. வீட்டுக்காரர் வீட்ல இல்லைன்னா தண்ணி குடிக்கக்கூட பயம். கடைசியா ஒரு வரி கேட்டிருக்கீங்க, "எனக்கு விழுங்குறதே மறந்து போச்சா?"ன்னு.

மறக்காதுங்க. நான் ஸ்பீச் அண்ட் ஸ்வாலோ தெரபில இருக்கேன், இந்தப் பயத்தோட வர்றவங்க பாதிப் பேர் இதே வார்த்தையத்தான் சொல்வாங்க. விழுங்குறதுல நம்ம இஷ்டத்துக்கு நடக்குற பகுதி ரொம்பக் கொஞ்சம்தான். மெல்றது, உருட்டுறது, நாக்கால பின்னாடி தள்ளுறது, அவ்வளவுதான் நம்ம கையில. தள்ளின அடுத்த நொடி மூளைத்தண்டு வேலைய எடுத்துக்கும். குரல்வளை மேல ஏறும், குரல் நாண் ரெண்டும் ஒட்டி மூடும், அதுக்கு மேல எபிகிளாட்டிஸ்ங்குற மூடி சாஞ்சு மூடும், மூச்சு தானா ஒரு கணம் நிக்கும், சாப்பாடு தொண்டையத் தாண்டிடும். இது எல்லாமே சுமாரா ஒரு செகண்டுல முடிஞ்சுடும். அதுக்கப்புறம் உணவுக்குழாய், பெரியவங்களுக்கு சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், திட உணவு அதுல இறங்கி வயித்துக்குப் போக ஒரு 8ல இருந்து 10 செகண்ட். எச்சிலையும் சேத்தா ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவை விழுங்குறோம், தூக்கத்துல கூட. உங்களுக்கும் அது நடந்துட்டுத்தான் இருக்கு, இல்லைன்னா காலைல தலையணை பூரா நனைஞ்சிருக்கும்.

அப்ப ஏன் சிக்குற மாதிரி இருக்கு? இப்பவே ஒண்ணு செஞ்சு பாருங்க, பக்கத்துல இருக்குறவங்களையும் செய்யச் சொல்லுங்க. வாயில ஒண்ணும் இல்லாம, அஞ்சு தடவை தொடர்ந்து எச்சில் விழுங்குங்க. மூணாவதோ நாலாவதோ வரும்போது தொண்டை நகரவே மாட்டேங்கும், ஏதோ கட்டி அடைச்ச மாதிரி இருக்கும். அது உங்களுக்கு மட்டும் இல்ல, யாருக்கும் அப்படித்தான், ஏன்னா விழுங்க எச்சில் தீந்து போச்சு, உள்ள ஏதாவது இருந்தாத்தான் அந்த ரிஃப்ளெக்ஸ் சுலபமா கிளம்பும். இந்தப் பயம் வந்தவங்க நாள் பூரா "இப்ப விழுங்க வருதா"ன்னு இப்படி வெறும் வாயில டெஸ்ட் பண்ணிட்டே இருப்பாங்க. பயத்துல ஏற்கனவே வாய் வறண்டிருக்கும், அதுல மூணாவது தடவை சிக்கும், "பாத்தியா, வரலை"ன்னு பயம் இன்னும் கூடும். முதல்ல நிறுத்த வேண்டியது இதத்தான். சாப்பாட்டுல கைய வைக்கிறதுக்கு முன்னாடியே.

சாப்பிடாத நேரத்துலயும் தொண்டைக்குழில ஏதோ உருண்டை நிக்கிற மாதிரி இருக்குன்னா அதுக்கு குளோபஸ்னு பேர். ஒண்ணும் புதுசு இல்ல, 1707லயே ஜான் பர்செல்னு ஒரு டாக்டர் இத எழுதி, கழுத்துத் தசை இறுக்கம்தான் காரணம்னு சொல்லியிருக்கார். உணவுக்குழாய் வாசல்ல இருக்குற தசை டென்ஷன்ல இறுகுறது, நெஞ்செரிச்சல், அடிக்கடி தொண்டையச் செருமுறது, இதெல்லாம் சேந்து வரலாம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, குளோபஸ் சாப்பிடும்போது குறையும், சும்மா இருக்கும்போது கூடும். நிஜமான அடைப்பு நேர்மாறா இருக்கும், சாப்பிட்டாத்தான் தெரியும்.

இப்ப அந்த பிரியாணி சம்பவத்துக்கு வருவோம், ஏன்னா எல்லாத்துக்கும் வேர் அங்கதான். அன்னைக்கு நீங்க தண்ணி குடிச்சிருக்கீங்க, வாந்தி எடுத்திருக்கீங்க. "தண்ணி குடு"ன்னு வாய் விட்டுக் கேட்டும் இருந்தா, சிக்கினது பெரும்பாலும் மூச்சுக்குழாய்ல இல்ல, உணவுக்குழாய்ல. ரெண்டும் முன்னயும் பின்னயும் ஒட்டி இருக்குறதால உணவுக்குழாய்ல ஏதாவது நின்னா நெஞ்சு அமுங்குற மாதிரி, மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், அந்தப் பதட்டத்துல வேகவேகமா மூச்சு வாங்குவோம், அது இன்னும் முட்டும். ஆனா காத்துப் பாதை திறந்துதான் இருக்கும். மூச்சுக்குழாய் முழுசா அடைச்சா பேச முடியாது, இரும முடியாது, தண்ணி குடிக்கிற நிலைமையே இருக்காது. நீங்க நாலு மாசமா "அன்னைக்கு சாகப் போனேன்"னு நெனச்சிட்டு இருக்கீங்க. நடந்தது வலியும் பயமும் தர்ற விஷயம்தான், மறுக்கல, ஆனா நீங்க நெனைக்கிற விஷயம் அது இல்ல.

புரை ஏறுறத பத்தியும் சொல்லிடறேன். புரை ஏறினா இருமுறோம் இல்லையா, அந்த இருமல்தான் காவல்காரன், அது வந்தா சிஸ்டம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நல்லா இருமிட்டு இருக்குறவங்களுக்கு உடனே தண்ணி ஊத்தாதீங்க, இருமி முடிக்க விடுங்க, தலைல தட்டுறதெல்லாம் நம்ம பாசம்தானே தவிர வைத்தியம் இல்ல. இருமவும் முடியாம பேசவும் முடியாம தொண்டையப் பிடிச்சிட்டு நின்னாத்தான் முதலுதவி: முன்னாடி குனிய வச்சு தோள்பட்டை நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால அஞ்சு தட்டு, வரலைன்னா பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல முஷ்டிய வச்சு உள்ளயும் மேலயுமா அஞ்சு அழுத்து, மாத்தி மாத்தி, இன்னொருத்தர் 108க்கு போன். ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு வயித்துல அழுத்தவே கூடாது, அதுக்கு முறை வேற. உங்க வீட்டுக்காரரும் நீங்களும் ஒரு முதலுதவி வகுப்புல இத நேர்ல கத்துக்கோங்க, குழந்தை இருக்குற வீட்ல எப்படியும் தேவை.

டெஸ்ட் பத்தி. "எல்லாம் மனசுதான்"னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டுக்கோங்க, எண்டோஸ்கோப்பில பயாப்சி, அதாவது சின்னதா சதைத் துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களா? ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ்னு ஒரு அலர்ஜி வகை நோய் இருக்கு, வயசு கம்மியானவங்களுக்கு வரும், கறித்துண்டு சிக்குறதுதான் அதோட ட்ரேட்மார்க், பாக்குறதுக்கு குழாய் நார்மலா தெரிஞ்சாலும் பயாப்சிலதான் பிடிபடும். ஆஸ்துமா, சைனஸ் அலர்ஜி, இதுக்கு முன்னாடியும் கறி சிக்கின பழக்கம்னு இருந்தா கண்டிப்பா கேளுங்க. இன்னொண்ணு ரத்தசோகை. இரும்புச்சத்து ரொம்பக் குறைஞ்ச பெண்களுக்கு உணவுக்குழாய் மேல்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு உருவாகி திட உணவு சிக்கும், ப்ளம்மர் வின்சன்னு சொல்வாங்க, நம்ம ஊர்ல ரத்தசோகை எவ்வளவு சாதாரணம்னு உங்களுக்கே தெரியும், அதனால ஹீமோகுளோபின் பாக்காம இருக்காதீங்க. திடம், திரவம் ரெண்டுமே ஆரம்பத்துல இருந்து நெஞ்சுல நிக்குது, ராத்திரி படுத்தா சாப்பிட்டது திரும்பி வருதுன்னா அகலேசியாவா (உணவுக்குழாயோட கீழ்வாசல் சரியா திறக்காத நோய்) இருக்கலாம், அதுக்கு உணவுக்குழாய் அழுத்தத்த அளக்குற மேனோமெட்ரின்னு தனி டெஸ்ட், வெறும் எண்டோஸ்கோப்பில ஆரம்பக் கட்டத்துல தப்பிச்சிடும்.

இத வாசிக்கிற மத்தவங்களுக்கு: முதல்ல சப்பாத்தி சிக்கி, அப்புறம் சாதம் சிக்கி, அப்புறம் கஞ்சியும் சிக்குதுன்னு படிப்படியா வந்தா, விழுங்கும்போது வலிச்சா, குரல் மூணு வாரத்துக்கு மேல கம்மியிருந்தா, கழுத்துல கட்டி, ரத்த வாந்தி, கருப்பா மலம், தண்ணி குடிச்சா ஒவ்வொரு தடவையும் இருமல், மூக்கு வழியா வர்றது, இதுல எதுன்னாலும் பயம்னு நெனச்சு உக்காராதீங்க, டாக்டர்கிட்ட போங்க. பான், ஹான்ஸ், பீடி, சாராயம் பழக்கம் இருக்குறவங்க இன்னும் சீக்கிரம். திடீர்னு விழுங்க முடியாம வாய் கோணி பேச்சு குழறினா அது ஸ்ட்ரோக், 108. கறித்துண்டு சிக்கி எச்சில் கூட இறங்காம வெளிய வழியுதுன்னாலும் அன்னைக்கே எமர்ஜென்சிதான்.

தொக்கம் எடுக்குறத பத்தி என் கருத்தை மறைக்கல. குழாய் வச்சு உறிஞ்சி, இல்ல வயித்தத் தடவி, "இதோ பாரு சிக்கியிருந்தது"ன்னு ஒரு துண்டக் காட்டுவாங்க, நாலு நாள் நல்லா இருக்கும், அஞ்சாவது நாள் திரும்ப வரும். நாலு மாசம் முன்னாடி சாப்பிட்ட சிக்கன் எந்த மனுஷன் தொண்டைலயும் உக்காந்திருக்காது. காசு போறது கூட பரவால்ல, "உள்ள நிஜமாவே ஏதோ இருந்திருக்கு"ன்னு மனசுல ஆணி அடிச்சிட்டுப் போயிடுவாங்க, அதப் பிடுங்க எங்களுக்கு ரொம்ப நாள் ஆகும். மாமியார் நல்லெண்ணத்துலதான் கூட்டிட்டுப் போனாங்க, அவங்கள கோச்சுக்க வேண்டாம், அடுத்த தடவை வேண்டாம்னு சொல்லிடுங்க.

எல்லா டெஸ்ட்டும் சரின்னா மிச்சம் இருக்குறது விழுங்குற பயம், ஃபேகோஃபோபியான்னு சொல்வாங்க. உடம்பு இளைக்கிற அளவுக்குப் போனா 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்குற, மனநல நோய்கள வகைப்படுத்துற அமெரிக்கப் புத்தகத்துல இதுக்கு உணவைத் தவிர்க்கிற கோளாறுன்னு ஒரு பிரிவே இருக்கு. குண்டாயிடுவோம்னு பயந்து சாப்பிடாம இருக்குறது வேற, இது வேற. உங்களுக்குப் பசிக்குது, சாப்பிட ஆசையும் இருக்கு, இறங்காதோங்குற பயம் மட்டும்தான் தடுக்குது. இந்த வித்தியாசத்த டாக்டர்கிட்டயும் தெளிவா சொல்லுங்க.

இனிமேதான் முக்கியமான இடம். நீங்க பாதுகாப்புக்குன்னு செய்யுறதுதான் இந்தப் பயத்துக்கு சோறு போட்டு வளக்குது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிக்கிறீங்கன்னு எழுதியிருக்கீங்க. பாதி மென்ன திடமும் தண்ணியும் வாயில கலந்து இருந்தா அதுதான் தொண்டைக்குக் கஷ்டமான ஐட்டம், தண்ணி முன்னாடி ஓடும் திடம் பின்னாடி நிக்கும், ஸ்ட்ரோக் பேஷண்டுக்கு நாங்க அந்தக் கலவையத்தான் கடைசில கொடுப்போம், நீங்க பயத்துல அதையே வேளாவேளைக்கு செஞ்சிட்டு இருக்கீங்க. அப்புறம் அம்பது தடவை மெல்றது. அளவா மென்னா எச்சிலோட சேந்து ஒரு உருண்டையா நிக்கும், நாக்கு அத ஒரே தள்ளுல அனுப்பிடும். ரொம்ப மென்னா உருண்டை கரைஞ்சு வாய் பூரா பரவி, பாதி நமக்குத் தெரியாமயே பின்னாடி வழியும், அந்த வழியுற உணர்வுதான் உங்கள தூக்கிப் போடுது. மூணாவது, அண்ணாந்து குடிக்கிறது. தலைய மேல தூக்கினா மூச்சுப்பாதை திறந்து கொடுக்குற மாதிரி ஆகும், புரை ஏற சான்ஸ் கூடும். எச்சில் பண்ணக் கூடாதுன்னு வளந்த பழக்கம்னு தெரியும், கொஞ்ச நாளைக்கு உங்களுக்குன்னு ஒரு டம்ளர் எடுத்து வாய் வச்சுக் குடிங்க, தலை நேரா இருக்கட்டும்.

நாலாவது, வீட்டுக்காரர் இருந்தாத்தான் சாப்பிடுறது. ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகலை, ஆனா உங்க மனசு அதுக்கான பாராட்ட சாப்பாட்டுக்குக் கொடுக்காது, "அவர் இருந்தார் அதான் தப்பிச்சேன்"னு அவருக்குக் கொடுத்துடும். தண்ணிக்கும் இதே கதைதான், மிக்ஸிக்கும் இதே கதைதான். அதனால நீங்க ஆயிரம் தடவை நல்லா விழுங்கியும் பயம் ஒரு இன்ச் கூட குறையல.

சிபிடிங்குற, நெனப்பையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு வழி தெரபில செய்யுறது, இந்த முட்டுக்கொடுத்தல ஒவ்வொண்ணா, மெதுவா எடுக்கிறதுதான். ஒரு நோட்டுல சாப்பாட்ட பயத்தோட அளவுக்கு வரிசையா எழுதுங்க, பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் மார்க் போட்டு. ஆளாளுக்கு வரிசை மாறும். பொதுவா குழைஞ்ச ரசம் சாதம், தயிர் சாதம், தேங்காப்பால் ஊத்தின இடியாப்பம், சாம்பார்ல ஊறின இட்லி, உப்புமா, தோசை, குருமா தொட்ட சப்பாத்தி, பரோட்டா, மீன், சிக்கன்னு போகும். சட்னி மட்டும் தொட்ட இட்லி பாக்க சாஃப்டா இருந்தாலும் வாயில ஒட்டும், சாம்பார் இட்லிய விட அது மேல்படி. பொரி, புட்டு, நிலக்கடலை எல்லாம் உதிர்ந்து சிதறுற சாமான், பயமே இல்லாதவங்களுக்கும் புரை ஏத்தும், அதக் கடைசிக்கு விடுங்க. மார்க் மூணு நாலு இருக்குற எடத்துல ஆரம்பிக்கணும். பூஜ்யத்துல ஆரம்பிச்சா ஒண்ணும் கத்துக்க முடியாது, ஒம்பதுல ஆரம்பிச்சா ஓடிடுவீங்க.

உங்களுக்கு சாம்பார் இட்லி நாலுன்னு வைங்க. ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் பயிற்சி, மத்த வேளைக்கு இப்ப இறங்குறதே சாப்பிட்டு எடையப் பிடிச்சு வைங்க, கஞ்சில பால், நெய், முட்டை, சத்துமாவுன்னு கனமாக்கிக்கோங்க. பயிற்சிய அகோரப் பசிலயும் அவசரத்துலயும் வைக்காதீங்க. நிமிர்ந்து உக்காருங்க, முதல்ல ரெண்டு மடக்கு தண்ணி, வாய் நனையட்டும். புளியங்கொட்டை சைஸ்ல ஒரு துண்டு. வாயில வைக்கிறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு நெனைக்கிறீங்களோ அத நோட்டுல ஒரு வரி எழுதுங்க, "சிக்கும், இருமுவேன்"னு. ஒரு பத்து பதினஞ்சு தடவை மெல்லுங்க, உதட்ட மூடி, நாக்க மேல் அண்ணத்துல அழுத்தி, தயங்காம பலமா ஒரே தடவைல முழுங்குங்க. அரைகுறையா தள்ளித் திரும்ப இழுத்து திரும்பத் தள்ளுறதுதான் தொண்டையக் குழப்பும். முழுங்கினதும் மூச்ச மெதுவா வெளிய விடுங்க, டம்ளர்ல கை போகும், போக விடாதீங்க. இறங்கினதும் நோட்டுல நிஜமா என்ன ஆச்சுன்னு எழுதுங்க. பயம் பூஜ்யம் ஆனாத்தான் அடுத்த வாய்னு காத்திருந்தா அது நடக்காது, பயத்தோட சாப்பிட முடியுதுங்குறதுதான் இங்க கத்துக்குற பாடம். அதே இட்லிய தொடர்ந்து சில நாள், மார்க் ஒண்ணு ரெண்டுக்கு இறங்குற வரைக்கும், அப்புறம்தான் அடுத்த படி. ஒவ்வொரு படிலயும் கூடவே முட்டுக்கொடுத்தது ஒண்ண எடுங்க: முதல்ல தண்ணி, அப்புறம் வீட்டுக்காரர் பக்கத்து ரூம்ல, அப்புறம் மாடில, அப்புறம் கடைக்கு.

நடுவுல ஒரு நாள் புரை ஏறும். ஏறாம இருக்காது, எல்லாருக்கும் ஏறுது. அன்னைக்கு வரிசைல கீழ இறங்கிடாம, இருமி முடிச்சிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே சாப்பாட்டுல இன்னொரு சின்ன வாய் எடுத்துட்டு எழுந்திருங்க. இத விட்டுட்டா அடுத்த நாள் ரெண்டு மடங்கு கஷ்டம். டிவியோ போனோ பாத்துட்டு சாப்பிட்டா சுலபமா இறங்குதுன்னா ஆரம்பத்துல பாருங்க தப்பில்ல, அதுவும் ஒரு முட்டுதான்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்ல இருக்குறவங்களுக்கு: ஊசில நூல் கோக்கும்போது ஒருத்தர் பக்கத்துல நின்னு விரலையே பாத்துட்டு இருந்தா கை நடுங்கும், இதுவும் அப்படித்தான். தட்டையும் தொண்டையையும் பாக்காதீங்க. "ஒரு வாய்தானே, முழுங்கிடு, என்ன ஆயிடப் போகுது"ன்னும் வேண்டாம், "பாத்து, மெதுவா, நல்லா மென்னு"ன்னும் வேண்டாம், ரெண்டாவது கேக்க அக்கறையா இருக்கும், ஆனா ஆபத்து இருக்குன்னு நீங்களே சர்டிஃபிகேட் கொடுக்குற மாதிரி. கூட உக்காந்து உங்க சாப்பாட்ட சாப்பிட்டுட்டு வேற கதை பேசுங்க. நடிக்கிறாங்கன்னு சொல்றவங்கள எழுந்து போகச் சொல்லுங்க.

யார்கிட்ட போறது? சிபிடி தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட் முதல் சாய்ஸ். கூடவே ஸ்வாலோ தெரபி பாக்குற ஸ்பீச் தெரபிஸ்ட் இருந்தா நல்லது, எங்கள பேச்சு வராதவங்களுக்கு மட்டும்தான்னு நெனைக்கிறாங்க, விழுங்குறதும் எங்க வேலைதான். மூக்கு வழியா சின்ன கேமரா விட்டு நீங்க சாப்பிடும்போதே தொண்டைய ஸ்கிரீன்ல காட்டுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ஃபீஸ் (FEES)னு பேர். உணவு சரியா போறத தன் கண்ணால பாத்ததுலயே சிலருக்குப் பயம் நல்லா இறங்கிடும். கையில காசு இல்லைன்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஈஎன்டி, மனநலம் ரெண்டும் இருக்கு. டெலி மானஸ்னு மத்திய அரசோட இலவச மனநல லைன் 14416, தமிழ்லயே பேசலாம், எங்க போகலாம்னு அவங்களே வழி சொல்வாங்க. எடை இன்னும் இறங்கினா, தலை சுத்தினா, யூரின் குறைஞ்சா, இல்ல அஞ்சு நாளா ஏறக்குறைய ஒண்ணுமே உள்ள போகலைன்னா தெரபிக்குக் காத்திருக்காம அட்மிட் ஆகுங்க. அந்த நிலைமைல வீட்ல திடீர்னு நிறையச் சாப்பிட வைக்கிறதும் ஆபத்து, ரத்தத்துல உப்பு அளவெல்லாம் ஏறி இறங்கிடும்.

மருந்து தேவையான்னா, பயம் ரொம்ப அதிகமா இருந்தா சைக்கியாட்ரிஸ்ட் பதட்டத்தக் குறைக்குற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து கொடுப்பார், தெரபியோட சேத்து நல்லாவே உதவும், வேலை செய்ய சில வாரம் ஆகும். மெடிக்கல் ஷாப்ல யாரோ சொன்னாங்கன்னு அல்ப்ராசோலம்ங்குற பதட்ட மாத்திரைய மட்டும் வாங்கிப் போடாதீங்க, பழக்கமாயிடும், மயக்கத்துல விழுங்குறதே மந்தமாகும். மாத்திரையே இறங்க மாட்டேங்குதுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, சிரப்பாவோ நாக்குல கரையுற மாதிரியோ சிலது கிடைக்கும், நீங்களா பொடி பண்ணாதீங்க, சில மாத்திரைய உடைக்கவே கூடாது. கேப்ஸ்யூல்னா ஒரு வழி இருக்கு, ஜெர்மனில ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துல 2014ல சோதிச்சுப் பாத்தது: கேப்ஸ்யூல நாக்குல வச்சு, ஒரு மடக்கு தண்ணி வாயில எடுத்து, தலைய முன்னாடி குனிஞ்சு முழுங்குங்க. கேப்ஸ்யூல் மிதக்குற சாமான், குனிஞ்சா தானா பின்பக்கம் வரும், நாம வழக்கமா செய்யுற மாதிரி தலைய மேல தூக்கினா முன்பல்லுகிட்ட போய் நிக்கும். எந்த மாத்திரையா இருந்தாலும் முழு டம்ளர் தண்ணி, போட்ட உடனே படுக்கக் கூடாது, அரை மணி நேரம் உக்காந்திருங்க. டாக்ஸிசைக்ளின்ங்குற ஆன்டிபயாடிக் மாதிரி சிலது உணவுக்குழாய்ல ஒட்டிப் புண்ணாக்கிடும், அப்புறம் அந்த வலிய வச்சு புதுசா ஒரு பயம் கிளம்பும்.